கனவான்களின் விளையாட்டு: யார் அந்தக் கனவான்?

போன மாதம் எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் இரண்டு வீரர்கள் முறைத்துக்கொண்டதும் வர்ணனையாளர், இது ஜென்டில்மேன்ஸ் கேம், இப்படி நடந்துகொள்ளலாமா என்று வருத்தப்பட்டார். பதினோராம் வகுப்புத் தம்பி ஒருவன் என்னைப் பார்த்து, "அக்கா, ஜென்டில்மேன்னா நல்லவன்தானே?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லின் வரலாறு அவனுக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது, தோழர்களே.

இன்று நாம் அந்தச் சொல்லை ஒருவரின் நடத்தையைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். இங்கிலாந்தில் அது முதலில் குறித்தது பிறப்பையும் அந்தஸ்தையும். நிலம் இருக்க வேண்டும், குடும்பப் பெயர் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் உழைத்துப் பிழைக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவன் எப்படி நடந்துகொண்டாலும் கனவான்தான். சுரங்கத் தொழிலாளி எவ்வளவு கண்ணியமாக நடந்தாலும் அந்தப் பட்டம் அவனுக்குக் கிடைக்காது. படகுப் போட்டிக்குப் பேர்போன ஹென்லியில் 1879இல் எழுதிய விதியைப் பாருங்கள். கூலிக்கு வேலை செய்த கைவினைஞரோ, மெக்கானிக்கோ, தொழிலாளியோ அங்கே அமெச்சூராகப் போட்டியிட முடியாது. எப்போதோ ஒரு காலத்தில் செய்திருந்தால்கூட முடியாது. உழைப்பு தீட்டு என்று இதைவிட வெளிப்படையாக எழுத முடியுமா?

கிரிக்கெட்டில் இந்தப் பிரிவினைக்கே ஒரு போட்டி இருந்தது. 1806இல் லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கிய அதன் பெயர் 'ஜென்டில்மென் எதிர் பிளேயர்ஸ்'. அதாவது கனவான்கள் ஒரு பக்கம், ஆட்டக்காரர்கள் மறுபக்கம். காசு வாங்காமல் ஆடுவதாகச் சொல்லிக்கொண்டவர்கள் அமெச்சூர்கள், அவர்களே கனவான்கள். கூலிக்கு ஆடியவர்கள் வெறும் ஆட்டக்காரர்கள். 'கனவான்களின் விளையாட்டு' என்ற சொற்றொடரின் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது. நல்லொழுக்கத்துக்குக் கொடுத்த பாராட்டாக அது பிறக்கவில்லை. மைதானம் யாருடையது என்பதற்கான பட்டா அது.

ஒழுக்கம் என்று பார்த்தால் அந்தக் காலக் கிரிக்கெட் சூதாட்டத்தில் மிதந்தது. பிரபு குடும்பத்தில் பிறந்த பாதிரியார் ஃபிரெடரிக் போக்ளெர்க், பந்தயம் கட்டியே ஆண்டுக்கு 600 கினி சம்பாதித்தவர் என்று பெயர் வாங்கியவர். வில்லியம் லாம்பெர்ட் அப்போதைய மிகச் சிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆட்டத்தை விற்றார் என்ற குற்றச்சாட்டில் 1817இல் அவரை லார்ட்ஸிலிருந்து விலக்கினார்கள். அந்த நடவடிக்கையின் பின்னால் போக்ளெர்க் இருந்தார். லாம்பெர்ட்டுக்கு வாழ்நாள் தடை. போக்ளெர்க்கோ 1826இல் எம்.சி.சி.யின் தலைவரானார்.

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான காட்சிகள்தான் அங்கும் நடந்தன. ஒரே அணிக்கு ஆடுகிறவர்கள் தனித்தனி அறைகளில் உடை மாற்றினார்கள். மைதானத்துக்குள் வரவும் தனித்தனி வாசல்கள். ஸ்கோர் அட்டையில் கனவானுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால் போகும். 1950இல் ஃபிரெட் டிட்மஸ் என்ற இளம் பந்துவீச்சாளர் லார்ட்ஸில் ஆட வந்தபோது, அட்டையில் எஃப்.ஜே. டிட்மஸ் என்று அச்சாகிவிட்டது. உடனே ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள்: அதை டிட்மஸ், எஃப்.ஜே. என்று வாசிக்க வேண்டுமாம். இரண்டு எழுத்து இடம் மாறியதற்கு மைதானம் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பு!

காசு வாங்காதவன் கனவான் என்பதும் ஒரு பேச்சுதான். கனவான்களில் எல்லாரும் கொண்டாடியவர் டாக்டர் டபிள்யூ.ஜி. கிரேஸ். 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் வாங்கியது 1,500 பவுன். உடன் சென்ற தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 170. ஆனால் அவருடையது 'செலவுத்தொகை', இவர்களுடையது 'கூலி'.

இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, களத்துக்குள் நடந்த வேலைப் பங்கீடு. பேட்டிங் கனவானின் கலை. வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசும் பாரம் பெரும்பாலும் கூலிக்காரர் தலையில். தலைமை தாங்குவது கனவானின் பிறப்புரிமை. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு முறைப்படி நியமிக்கப்பட்ட முதல் தொழில்முறை கேப்டன் லென் ஹட்டன், அதுவும் 1952இல்தான். சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று சொல்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் கொடுத்த பதில் நினைவிருக்கிறதா? அது வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைப்பது என்றார். இங்கிலாந்தின் வர்க்கமும் நம் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. டிட்மஸ் குடித்த கோப்பையை யாரும் உடைக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டு இங்கே கப்பலில் வந்து இறங்கியபோது, நம் ஊர் அடுக்கு அதில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

பல்வங்கர் பாலு. சாமார் சமூகத்தில் பிறந்தவர். 1890களில் பூனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலை. ஜே.ஜி. கிரேக் போன்ற ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் ஒரு நாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. வீசுவது வேலைக்காரன், அடிப்பது துரை. பிறகு பூனா இந்துக்கள் வெள்ளையரை வெல்ல இவர் பந்துவீச்சு தேவைப்பட்டது, சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில்.

1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன்னில் தோற்கடித்ததில் பாலுவின் பங்கு பெரிது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். அந்த அணிக்குக் கேப்டன் பாட்டியாலா மகாராஜா. இந்து அணிக்கும் பாலுவை அவர்கள் கேப்டனாக்கவில்லை. 1920இல் அவரை அணியிலிருந்தே விட்டபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள். அதன் பிறகுதான் பாலுவுக்குத் துணைக் கேப்டன் பதவி. விட்டல் 1923இல் கேப்டனானார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது என்றால், கேட்டதால், ஆட மறுத்ததால் கிடைத்தது.

பாலுவை முழுவதுமாகத் தலையில் தூக்கிவைக்கவும் என்னால் முடியாது. 1932இல் தனித்தொகுதிக் கோரிக்கையை எதிர்த்து நின்றவர் அவர். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணலையே எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். நம் கூட்டங்களில் அவர் படத்தை வைக்கும்போது இதையும் சேர்த்தே பேசுவோம்.

கனவான் என்ற பட்டம் யாரைக் காப்பாற்றும், யாரைக் கைவிடும் என்பதற்கு ஹரால்ட் லார்வுட் இன்னொரு சாட்சி. நாட்டிங்ஹாம்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த வேகப்பந்து வீச்சாளர். 1932-33இல் ஆஸ்திரேலியர்களின் உடம்பைக் குறிவைக்கும் 'பாடிலைன்' உத்தியை வகுத்தவர் கேப்டன் டக்ளஸ் ஜார்டின். பம்பாயில் பிறந்து, வின்செஸ்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த அமெச்சூர். சொன்னபடி வீசி 33 விக்கெட் எடுத்தவர் லார்வுட். ஆஸ்திரேலியாவிலிருந்து கடும் எதிர்ப்பு வந்ததும் லார்வுட்டிடம்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேப்டன் சொன்னதைச் செய்ததற்கு எதற்கு மன்னிப்பு என்று மறுத்தார். அதன்பின் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. 1950இல் எந்த நாட்டு மட்டையாளர்களை மிரட்டினாரோ அந்த ஆஸ்திரேலியாவுக்கே குடும்பத்தோடு குடியேறினார். ஜார்டின் கதை? 1934 ஆஸ்திரேலியத் தொடருக்கு முன் அவரும் விலகினார், உண்மைதான். ஆனால் அதற்கு முன் 1933 டிசம்பரில், இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்டில், பம்பாய் ஜிம்கானாவில் அவர்தான் இங்கிலாந்து கேப்டன்.

ஜென்டில்மென் எதிர் பிளேயர்ஸ் ஆட்டம் கடைசியாக 1962இல் நடந்தது. அமெச்சூர் என்ற பிரிவு 1963 ஜனவரியோடு சட்டப்படி ஒழிந்தது. அப்போது இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவில் இருந்தது. மேலாளர் நார்ஃபோக் கோமகன், கேப்டன் அமெச்சூரான டெட் டெக்ஸ்டர். அதே ஜனவரியில் சிட்னி டெஸ்டில், ஒரே இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்தவர் எஃப்.ஜே. டிட்மஸ்.