வழி கேட்டுப் புறப்பட்டவர்கள்

1673 மே 17. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையிலிருந்த புனித இஞ்ஞாசியார் மறைத்தளத்திலிருந்து எழுவர் இரண்டு மரப்பட்டைத் தோணிகளில் புறப்பட்டனர். இயேசு சபைக் குரு மார்க்கெத்தும், நாடாய்வாளர் ஜோலியேவும், துணைவர் ஐவருமே அக்குழு. மக்காச்சோளமும் உலர்ந்த இறைச்சியுமே கட்டுச்சோறு.

புறப்படுமுன் அவர்கள் செய்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. அந்நிலத்தை அறிந்த பழங்குடியினரிடம் ஆறுகளின் பெயர்களையும் போக்கையும் கேட்டறிந்து, அதைக் கொண்டே வரைபடம் தீட்டினர். பாக்ஸ் ஆறு சதுப்பிலும் சிற்றேரிகளிலும் பிரிந்து வழிமயங்கிய இடத்தில், மயாமி இனத்தவர் இருவர் வழிகாட்டினர். 2,700 தப்படி தோணிகளைச் சுமந்து விஸ்கான்சின் ஆற்றை அடைந்தனர். ஜூன் 17இல் மிசிசிப்பி கண்முன் விரிந்தது.

அர்க்கன்சாஸ் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, மிசிசிப்பி மெக்சிகோ வளைகுடாவிலேயே கலக்கிறது என்ற முடிவுக்கு வந்தனர். மேலும் சென்றால் இஸ்பானியரிடம் சிக்கி, அறிந்தவை அனைத்தும் அவர்களோடே அழியக்கூடும். எனவே, கடலைக் காணாமலேயே ஜூலை 17இல் திரும்பினர். வந்த வழியை விட்டு, குறுகிய இல்லினாய்ஸ் ஆற்றுவழியைத் தேர்ந்து, செப்டம்பர் இறுதியில் கிரீன் விரிகுடாவைச் சேர்ந்தனர்.

பலரை அழைத்துச் செல்பவருக்குத் துணிவு மட்டும் போதாது. கேட்கும் செவியும் வேண்டும். இலக்குக்கு முன்பே திரும்புவதும் சிலவேளை கடமையே.