குடிவந்தோர் ஆதரவு: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்குப் பிழைப்புத் தேடியும் உயிருக்கு அஞ்சியும் வந்தவர்களை உள்ளூர் மக்கள் ஏற்றுக்கொண்ட வரலாறு இக்கட்டுரையின் பொருள். இவ்வரலாற்றில் அரசாணைகளை விட வீட்டுக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரின் பங்கே பெரிது.

மொழிப் பின்னணி. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூரும் அதனுடன் சேர்ந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி சென்னை மாநிலத்திலேயே நின்றது. கோடு எங்கே விழுந்தாலும் மக்கள் கலந்தே இருந்தார்கள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தாலுகா ஆபீசில் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தெலுங்கு, கன்னடம், உருது வழியில் பாடம் நடத்தும் அரசுப் பள்ளிகள் இன்றும் உண்டு. 2024இல் கிருஷ்ணகிரித் தொகுதியில் வென்ற கே. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றார். தமிழ் தெரியாத ஒருவர் வந்து நின்றால் அதிசயமாகப் பார்க்காத மண் இது. பின்னாளில் ஒடியாவும் போஜ்புரியும் பேசுவோர் வந்தபோது இந்தப் பழக்கம்தான் முதலில் கைகொடுத்தது.

ஆலைகளின் வருகை. 1971இல் தொடங்கப்பட்ட, தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர், நிலம் மலிவு, பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளும் இருந்தன. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட் ஆலையும் இயங்கத் தொடங்கின. மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடி, பேகேபள்ளி, சின்ன எலசகிரி ஆகியவை அதுவரை ராகியும் கொள்ளும் விளைந்த ஊர்கள்.

ஆலை தன் ஆட்களைக் கவனித்துக்கொண்டதற்கு இக்காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு ஓசூரின் டைட்டன். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கடிகார நிறுவனம் அது. முதல் நிர்வாக இயக்குநர் செர்க்ஸஸ் தேசாய் காலத்தில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தார்கள். ஊரை விட்டு முதன்முறையாக வந்த பதின்வயதினரை வீடுகளில் குழுவாகத் தங்கவைத்து, கவனித்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தினார்கள். வேலை கொடுப்பதோடு பொறுப்பு முடிவதில்லை என்று ஒரு கம்பெனி அன்றே புரிந்துகொண்டதை இவ்வட்டாரத்தின் மிக மதிப்புள்ள முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும். பிற்பாடு ஒப்பந்தக்காரர்கள் வழியே ஆள் எடுத்த ஆலைகளில் பெரும்பாலானவை இந்த வழிக்கு வரவில்லை.

அஞ்சி வந்தவர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் வந்த ஈழத் தமிழர்களுக்குத் தமிழ்நாடெங்கும் முகாம்கள் அமைந்தபோது இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அமைந்தன. ஊத்தங்கரை அருகே உள்ள பாம்பாறு அணை முகாம் அவற்றில் ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, மாநிலம் முழுவதும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. வீடு கிடைக்கும், ஆனால் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இது நாடு செய்து முடிக்காத கடமை.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். பல்லாயிரம் பேர் எல்லை தாண்டினர். பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு நேர்வழி ஓசூர்தான். பிழைக்கப் போன ஊர் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வட்டாரம் தன் சொந்த மக்களின் முகத்தில் பார்த்தது.

லைன் வீடுகள். 2000க்குப்பின் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் கிரானைட் குவாரிகளுக்கும் பெருமளவில் வரத் தொடங்கினர். அவர்களுக்கு இடம் கொடுத்தது லைன் வீடு. நிலத்தின் ஒரு பகுதியைச் சிப்காட்டுக்குக் கொடுத்த விவசாயி மிச்சத்தில் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டுவார். பத்துக் கதவுக்கு ஒரு குழாய், பொதுக் கழிப்பறை, அறைக்கு ஒரு சப்-மீட்டர். ஓர் அறையில் நாலைந்து பேர். பகல் ஷிப்ட் போனவர் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவர் படுப்பார். வீட்டுக்காரர் அட்வான்ஸும் ஆதார் நகலும் வாங்கிக்கொள்வார். தெருமுனைக் கடையில் கடுகெண்ணெயும் சத்து மாவும் வந்துவிடும். அண்ணாச்சி எண்ணிக்கையை இந்தியில் சொல்லப் பழகிவிடுவார். கைமாற்றும் கடன் நோட்டும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பதும் இந்த உறவில்தான் நடக்கின்றன. வாடகை வருமானம் இதன் அடிப்படை என்பதை மறைக்கத் தேவையில்லை. வருமானத்தில் தொடங்கிய பழக்கம் மனிதருக்கு மனிதர் உதவியாக வளர்ந்ததே இங்கு நடந்த நல்ல காரியம்.

2020 கொரோனா ஊரடங்கில் இந்த உறவின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிந்தன. வேலை நின்றதும் கூலி நின்றது. குடும்ப அட்டை சொந்த ஊரில் இருந்ததால் ரேஷனும் இல்லை. எந்த ஊரிலும் ரேஷன் வாங்க உதவும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் தமிழ்நாட்டில் அந்த ஆண்டு அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது தமிழ்நாட்டுத் தொழில் நகரங்களில் அச்சம் பரவியது. காவல்துறையும் மாவட்ட நிர்வாகங்களும் தொழிலாளர்களிடம் நேரில் பேசி அச்சத்தைத் தணித்தன.

விடுதிக் காலம். அண்மை ஆண்டுகளில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் போச்சம்பள்ளி ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையும் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்துள்ளன. டாடா ஆலைக்கு ஜார்க்கண்ட் பழங்குடிப் பெண்களும் வந்துள்ளனர். இவர்களில் பலர் பெரிய விடுதிகளில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறார்கள். லைன் வீட்டை விட வசதி கூடுதல். ஊரோடு பழக்கம் குறைவு. இதற்கிடையே உத்தனப்பள்ளி, நாகமங்கலம் பக்கம் புதிய சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்து விவசாயிகள் 2023இல் போராடினர். நிலத்தை இழக்கும் கிராமமும் அந்த நிலத்தில் வேலைக்கு வரும் பெண்ணும் ஒருவரையொருவர் அறியாமலே இருந்துவிடுவது இருதரப்புக்கும் நட்டம்.

வந்தவர்களை ஊரோடு சேர்ப்பதில் சட்டமும் துணை நிற்கவில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கூலி, இடமாற்றப்படி, தங்குமிடம் பற்றிப் பேசியது. குடியிருக்கும் ஊரில் அவர்களின் குரல் பற்றிப் பேசவில்லை. கிராம சபையில் உறுப்பினராக அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். சொந்த மாநிலப் பட்டியலில் பெயர் உள்ள தொழிலாளி, பத்தாண்டு ஒரே ஊரில் வாடகை கொடுத்து வாழ்ந்தாலும், மே 1 கிராம சபையில் எழுந்து தன் தெருவுக்குக் குடிநீர் கேட்கும் உரிமை பெறுவதில்லை.