மேரி புன்னன் லூக்கோஸ்

மேரி புன்னன் லூக்கோஸ் (2 ஆகஸ்ட் 1886 – 2 அக்டோபர் 1976): திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வைத்தியத் துறைத் தலைவராகப் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர்; சட்டசபையில் இடம்பெற்ற முதல் திருவிதாங்கூர்ப் பெண்மணி; கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கத்தின் திருவனந்தபுரம் கிளையைத் தோற்றுவித்து, அதன் தலைமைப் பொறுப்பை அரை நூற்றாண்டுக் காலம் வகித்தவர். ‘முதற்பெண்’ என்ற அடைமொழி அவர் பெயரோடு பன்முறை சேர்த்துச் சொல்லப்படுவதால், அவர் ஆற்றிய காரியங்களுள் மிக ஆழமானவை அப்பட்டங்களின் பின்னே மறைந்துவிட்டன.

கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில், ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த செல்வாக்குள்ள சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் ஒரே மகவாகப் பிறந்தார். தந்தை டி. இ. புன்னன் திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி, அரண்மனை வைத்தியர். தாயார் நோயுற்றிருந்தமையால், குழந்தை ஆங்கில மாதரின் பராமரிப்பில் வளர்ந்தது. திருவனந்தபுரம் ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்டில் படித்துத் தேறிய பின், மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் பயில விழைந்த அவருக்கு, பெண் என்ற ஒரே காரணத்தால் அப்பிரிவில் இடம் மறுக்கப்பட்டது. சரித்திரப் பாடத்தை ஏற்று, வகுப்பில் தனியொரு பெண்ணாக அமர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டத்தைப் பெற்றார். தந்தையின் ஊக்கத்தால் லண்டன் சென்று, லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றதோடு, டப்ளின் நகரத்து ரொட்டுண்டா மருத்துவமனையில் பிரசவ வைத்தியத்திலும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் குழந்தை வைத்தியத்திலும் உயர்பயிற்சி பெற்றார். இத்தனைக்கும் நடுவே சங்கீதம் பயின்று, லண்டனில் அதற்கான தேர்விலும் தேறினார்.

முதல் உலகப் போர் மூண்டிருந்த 1916ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அம்மையார், திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவராக அமர்ந்து, அதன் மேற்பார்வைப் பொறுப்பையும் ஏற்றார். அக்காலத்தில் ஆஸ்பத்திரி என்பது ஏழைகளும் கதியற்றோரும் சென்று சேரும் இடம் என்னும் எண்ணம் குடும்பங்களில் வேரூன்றியிருந்தது. அவிட்டம் திருநாள் பலராம வர்மாவின் காலத்தில் (1798–1810) தமிழ்நாட்டிலிருந்து நெசவாளராகிய சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட நெசவூராகிய பாலராமபுரம் தைக்காட்டிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் அவ்வூர் வழியாகவே போகிறது. ஆயினும், தறி ஓசை கேட்கும் தெருக்களிலும் தென்னந்தோப்புக் குடிசைகளிலும் நோவு கண்ட பெண்ணுக்கு முதலில் அழைக்கப்பட்டவள் வயத்தாட்டி எனப்படும் ஊர் மருத்துவச்சியே. குழந்தை குறுக்கே கிடந்து, அவள் கைவிட்ட பிறகே மாட்டுவண்டி பூட்டப்படும். வண்டி வந்து சேரும்போது, எத்தகைய வல்லுநரும் செய்வதற்கு அதிகமொன்றும் மிஞ்சியிராது.

இந்நிலையைச் சீர்செய்ய அம்மையார் மேற்கொண்ட வழியையே அவருடைய வாழ்க்கையின் தலையாய சாதனையாக இக்கட்டுரையாளர் கருதுகிறார். பரம்பரை மருத்துவச்சிகளை அறியாமையின் உருவங்கள் என்று இகழ்ந்து ஒதுக்குவது மேனாட்டுக் கல்வி பெற்ற வைத்தியர்க்கு எளிதாக இருந்தது. அவ்வாறு இகழ்ந்தால் அவர்களுடைய சொல்லுக்குக் கட்டுப்பட்ட வீடுகள் அனைத்தும் ஆஸ்பத்திரிக்குக் கதவடைக்கும் என்பதை உணர்ந்த அவர், மருத்துவச்சிகளின் மக்களையே அழைத்துப் பிரசவம் பார்க்கும் பயிற்சியளிக்கத் திட்டம் வகுத்தார். கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கொப்பூழ்க்கொடி அறுக்கும் கருவியைக் கொதிநீரில் இடுவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். ஆனால் பிறந்த சில நாளில் உடல் விறைத்துக் குழந்தை மாயும் ரணஜன்னியையும், தாயைக் கொண்டுபோகும் பிரசவக் காய்ச்சலையும் தடுப்பவை அவையே. தாய் தலைமுறையின் எதிர்ப்பு மகள் தலைமுறையின் ஆதரவாயிற்று. மருத்துவச்சியின் வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்கு வழி பிறந்தது.

1920ஆம் ஆண்டில் அம்மையார் தைக்காட்டில் செய்த சிசேரியன் அறுவையே இன்றைய கேரள நிலப்பரப்பில் நடந்த முதலாவது சிசேரியன் எனக் குறிக்கப்படுகிறது. பெனிசிலின் பயன்பாட்டுக்கு வராத காலம் அது. சல்ஃபா மருந்துகளும் தோன்றியிராத காலம். வயிற்றைத் திறந்த பிறகு சீழ் பிடித்தால் உயிரைக் காக்கத் துப்புரவையும் கைத்திறனையும் தவிர வேறு துணை இராது என்பதை நினைத்துப் பார்த்தாலன்றி, அச்செயலின் துணிவு விளங்காது.

சேது லட்சுமி பாய் மகாராணி ஆட்சிப் பொறுப்பேற்ற 1924ஆம் ஆண்டில் அம்மையார் வைத்தியத் துறைத் தலைமைப் பதவியாகிய சர்ஜன் ஜெனரல் பதவிக்குத் தற்காலிகமாகவும், 1938இல் நிரந்தரமாகவும் நியமிக்கப்பெற்றார். 32 அரசாங்க மருத்துவமனைகளும், 40 மருந்தகங்களும், 20 தனியார் நிலையங்களும் அவர் பார்வையில் இருந்தன. அமெரிக்காவில் இப்பெயருடைய பதவியில் ஒரு பெண் அமர்ந்தது 1990இல் என்பதை ஒப்பிட்டு நோக்குக. நாகர்கோவில் காசநோய் சானடோரியமும், திருவனந்தபுரத்து எக்ஸ்ரே, ரேடியம் நிலையமும் அவருடைய முயற்சியால் எழுந்தவை. 1930களில், ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் துணையோடு நெய்யாற்றின்கரையில் கிராமச் சுகாதார நிலையம் நடைபெற்றதும், அதற்குத் தெற்கே நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை சாமர்வெல் முதலிய வைத்தியர்களால் புகழ் பெற்றதும் இதே தலைமுறையில்தான். சித்திரைத் திருநாள் மகாராஜா அவருக்கு ‘வைத்திய சாஸ்திர குசலா’ என்னும் விருதை வழங்கினார்.

1917இல் அம்மையார் ‘குன்னுக்குழியில்’ என்னும் வீட்டுப்பெயருடைய குருவிளா லூக்கோஸ் என்பவரை மணந்தார். வழக்கறிஞரான அவர் பின்னர் திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். மகள் கிரேசி மருத்துவரானார். மகன் அயலுறவுப் பணியில் சேர்ந்தார். இரவில் வரும் பிரசவ அழைப்புகளுக்கும், பகலில் குவியும் கோப்புகளுக்கும் இடையே இக்குடும்பத்தை நடத்திய அம்மையார், இவற்றோடு 1918இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ இளம் பெண்கள் சங்கக் கிளையின் தலைமையையும் ஏற்றார். படிக்கவும் வேலை பார்க்கவும் வெளியூர்களிலிருந்து தலைநகருக்கு வரத் தொடங்கிய பெண்களுக்கு அத்தகைய சங்கமொன்றின் ஆதரவு எவ்வளவு அவசியம் என்பதை, கல்லூரியில் தனியொரு பெண்ணாக அமர்ந்திருந்தவரைவிட நன்கறிந்தவர் யார்? அப்பொறுப்பை 1968 வரை அவர் விடவில்லை. பெண் சாரணர் இயக்கத்திலும் உயர்பதவி வகித்தார். சமய நம்பிக்கையை அவர் மேடையில் பேசியதைவிட, ஐம்பதாண்டுச் சங்க வேலையில் காட்டியதே அதிகம்.

முதுமை அவருக்குத் துயரங்களைத் தந்தது. 1947இல் கணவர் மறைந்தார். மக்கள் இருவரும் தாயின் கண்முன்னரே காலமாயினர். இந்திய அரசு 1975இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. மறு ஆண்டு, தொண்ணூறாவது பிறந்தநாளைக் கடந்த இரண்டு மாதங்களில், அவர் இயற்கை எய்தினார். இடையே, 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு, அவர் பணிசெய்த நிலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது: பாலராமபுரமும் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் தைக்காடு மருத்துவமனையோடு கேரளத்தில் நின்றன, நாகர்கோவில் சானடோரியம் தமிழ்நாட்டின் பங்காயிற்று.