போகாப்பின் வண்ணச் சுவர்கள் சொல்லும் வரலாறு

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், சிக்னல் குன்றின் சரிவில் 'போகாப்' என்றொரு பழைமையான முஸ்லிம் குடியிருப்பு இருக்கிறது. மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என வீட்டுக்கு வீடு வேறு வண்ணம். வெளிநாட்டுப் பயணிகள் அந்தச் சுவர்களின் முன்னே நின்று படமெடுத்துச் செல்கின்றனர். ஆனால் அவ்வண்ணங்களுக்குப் பின்னால் இருப்பது, தங்கள் வீடு தங்களுக்கே உரியது என்று சொல்வதற்குத் தலைமுறைகள் காத்திருந்த ஒரு சமுதாயத்தின் வரலாறாகும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய பகுதிகளிலிருந்து மக்களை அடிமைகளாகவும் கைதிகளாகவும் அங்கே கொண்டு சென்றது. அவ்வாறு 1780இல் கொண்டுவரப்பட்டவர்களுள் ஒருவர், தீதோர் தீவைச் சேர்ந்த மார்க்க அறிஞர் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ்ஸலாம் (ரஹ்). 'துவான் குரு' என்று மக்கள் அவரை அழைத்தனர். ராபன் தீவுச் சிறையிலிருந்தபோது, நினைவிலிருந்தே திருக்குர்ஆனைத் தம் கையால் எழுதியவர் அவர். விடுதலைக்குப் பின் 1793இல் அவர் தொடங்கிய மதரஸாவில் அடிமைகளின் பிள்ளைகளும் ஓதினர். அதனைத் தொடர்ந்து உருவான அவ்வல் பள்ளிவாசலே அந்நாட்டின் முதல் பள்ளிவாசல். அது அமைந்த இடம், இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்ற கோரிடோன் என்பவரின் சொத்தாக இருந்தது.

போகாப்பின் மிகப் பழைய வீடுகள் 1760களில் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்பட்டவை. கனத்த சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சு, தெருவை நோக்கிய திண்ணை என அமைந்தவை. 1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் பயிற்சிப் பணி என்ற பெயரில் 1838 வரை கட்டாய உழைப்பு நீடித்தது. அதன்பின் விடுதலை பெற்ற தச்சர்களும் கொத்தர்களும் தையற்காரர்களும் இத்தெருக்களில் பெருமளவில் குடியேறினர். நகரத்தின் பல கட்டடங்களை எழுப்பிய அக்கைகளுக்குச் சொந்தமாக ஒரு சுவர் இருப்பதே அரிதாக இருந்தது.

இனவெறி ஆட்சி 1950இல் குழுப் பகுதிகள் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் போகாப் 'மலாய்' மக்களுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்டது. அதனால் அக்குடியிருப்பு தப்பியது. நகரின் மறுபக்கத்தில் இருந்த ஆறாம் வட்டாரமோ 1966இல் வெள்ளையருக்கு உரியதென அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ 60,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளிவாசல்கள் இடிக்கப்படாமல் நின்றன; ஆனால் அவற்றைச் சுற்றி வாழ்ந்த ஜமாஅத்தார் இல்லாமல் போயினர்.

போகாப் வீடுகள் வாடகை வீடுகளாக இருந்த காலத்தில் சுவர்கள் வெள்ளையாகவே இருக்க வேண்டியிருந்தது என்றும், வீடுகளை விலைக்கு வாங்கும் உரிமை கிடைத்தபோது மக்கள் தமக்குப் பிடித்த வண்ணத்தைப் பூசித் தம் விடுதலையைக் கொண்டாடினர் என்றும் அவ்வூர் மக்கள் கூறுகின்றனர். பெருநாளை முன்னிட்டுச் சுவர்களுக்குப் புதுவண்ணம் பூசும் வழக்கமும் அங்கே உண்டு.

அந்த அழகே பின்னர் சோதனையாகவும் ஆயிற்று. வண்ணத் தெருக்களின் புகழ் பரவப் பரவ வீட்டு விலையும் சொத்துவரியும் உயர்ந்தன. பணம் படைத்தவர்கள் வெளியிலிருந்து வந்து வாங்கினர். உயர்ந்த அடுக்குமாடிகள் எழத் தொடங்கின. 2018இல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். 2019இல் அப்பகுதி மரபுப் பாதுகாப்பு வளையத்துள் கொண்டுவரப்பட்டது. 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தை அனுமதியின்றி மாற்றக் கூடாது என்ற 1999ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் முன்பே இருக்கிறது. ஆயினும் சட்டம் சுவரைக் காக்கும். அதற்குள் குடியிருக்கும் குடும்பத்தை அது மட்டுமே காத்துவிடாது.

இதில் நமக்குப் படிப்பினை உண்டு. பாட்டனார் கட்டிய வீட்டின் முகப்பைப் புதுப்பிக்க எண்ணுவோர் முதலில் சுவரின் தன்மையை அறிய வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடும். அதன்மேல் சிமெண்டும் நெகிழிப் பூச்சும் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிரும், சுவரும் நலியும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பொருந்தும்.

அதைவிட முதன்மையானது, அந்த வீட்டில் யார் வாழப்போகிறார்கள் என்ற கேள்வி. வாரிசுப் பங்குகளை, குறிப்பாகச் சகோதரிகளின் பங்கை, மார்க்கம் விதித்தபடி தீர்க்காமல் முகப்பை மட்டும் மெருகேற்றுவதில் என்ன பயன்? வீட்டை அமைதி தரும் அருட்கொடையாகச் சூரா அந்நஹ்ல் நமக்கு நினைவூட்டுகிறது. அந்த அமைதி, உரியவருக்கு உரியது கிடைக்கும்போதே வீட்டில் நிலைக்கும்.

நம் இல்லங்களை நீதியும் நிம்மதியும் நிறைந்தவையாக அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.