சூயஸ்: கண்டங்களை இணைத்த நிலம், கடல்களைப் பிரித்த நிலம்

இரு பெருநிலங்களை இணைத்து, இருபுறமும் கடலால் சூழப்பட்டிருக்கும் குறுகிய நிலப்பகுதி பூசந்தி எனப்படும். ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் பிணைத்த சூயஸ் பூசந்தி, ஜிப்ரால்டர் நீரிணை வழியே அட்லாண்டிக்கோடு கலக்கும் மத்தியதரைக் கடலையும், பாபெல் மண்டெப் நீரிணை வழியே இந்தியப் பெருங்கடலோடு கலக்கும் செங்கடலையும் பிரித்து நின்றது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் அகலமே கொண்ட இந்நிலத்தால், ஐரோப்பியக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டே இந்தியாவை அடைய வேண்டியிருந்தது.

பழங்கால எகிப்தியர் இத்தடையை நேராக வெட்டாமல், நைல் நதியின் கிளையிலிருந்து கிழக்கே செங்கடலுக்குக் கால்வாய் கொண்டுசென்றனர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் நெக்கோ மேற்கொண்ட பணிக்குப் பின், கால்வாயைத் தான் வெட்டுவித்ததாகப் பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் கல்வெட்டுகளில் பொறித்துவைத்தார். மண் மூடியதால் பலமுறை தூர்வாரப்பட்ட இவ்வழி, கி.பி. 8ஆம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபா அல் மன்சூர் காலத்தில் அடைக்கப்பட்டது.

நேர்வழியைத் தடுத்ததில் மணலுக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு ஒரு தவறான கணக்குக்கும் உண்டு. செங்கடலின் மட்டம் எகிப்திய நிலத்தைவிட உயர்ந்தது என்ற கருத்து அரிஸ்டாட்டில் காலத்திலேயே நிலவியது. நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பின்போது, 1799இல் லெ பேர் என்னும் பொறியாளரின் குழு போர்ச்சூழலில் இடைவிட்டு நடத்திய அளவையும், செங்கடல் மத்தியதரைக் கடலைவிடச் சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருப்பதாக முடிவுகட்டியது. நிலத்தை வெட்டினால் வெள்ளம் பாயும் என்ற இந்த அச்சம், 1847இல் பூர்தாலூ தலைமையில் நடந்த மறு அளவை இரு கடல்களின் மட்டத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று காட்டிய பின்னரே நீங்கியது.

1854இல் எகிப்திய ஆட்சியாளர் சயீத் பாஷாவிடம் கால்வாய் வெட்ட உரிமம் பெற்ற பிரெஞ்சு முன்னாள் தூதர் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ், 1859இல் பணியைத் தொடங்கினார். முதலில் கட்டாய உழைப்பாலும் பின்னர் நீராவித் தூர்வாரிகளாலும் தோண்டப்பட்ட கால்வாய் 1869 நவம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. கடல்மட்டங்கள் ஏறத்தாழ ஒத்திருந்ததால், நீரைத் தேக்கிக் கப்பலை ஏற்றியிறக்கும் மடைக்கதவுகள் இதற்குத் தேவைப்படவில்லை. லண்டன்–பம்பாய்ப் பயணத்தொலைவு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. எனினும் செங்கடலின் காற்று பாய்மரக் கப்பல்களுக்கு ஒத்துவராததால், இதன் முழுப்பயனும் நீராவிக் கப்பல்களையே சேர்ந்தது.

கடல்கள் கலந்தபோது உயிரினங்களும் இடம்பெயர்ந்தன. கால்வாய்ப் பாதையிலிருந்த கசப்பு ஏரிகளின் கடும் உப்பு சில காலம் அவற்றைத் தடுத்தது. அவ்வுப்பு படிப்படியாகக் கரையவே, செங்கடல் மீன்கள் மத்தியதரைக் கடலில் குடியேறின. மறுபுறம், கால்நடையாகவே கடக்க முடிந்த கண்ட எல்லை நீரெல்லையாயிற்று. ஆகவே, கடல்களை இணைக்க நிலத்தை வெட்டிய எகிப்து, பிரிந்த நிலத்தை இணைக்கக் கால்வாய்க்கு அடியில் அகமது ஹம்தி சுரங்கப்பாதையையும், நீர்மட்டத்துக்கு மேல் 70 மீட்டர் இடைவெளிவிட்டு 2001இல் திறக்கப்பட்ட பெரும்பாலத்தையும் அமைக்க வேண்டியதாயிற்று.