எல்லாச் சீனி வருத்தமும் ஒன்றல்ல: வகை பிரித்த வரலாறு



"நாப்பது வயசில வாற சீனி எல்லாம் ஒண்டுதான். குளிசையைப் போட்டு, உடம்பைக் குறைச்சாச் சரி." தர்மபுரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வயதைப் பார்த்தே வகை சொல்லலாம் என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் நம்பியது. அது மாறிய கதையை அறிந்தால் நமக்குப் பயன் உண்டு.

நீரிழிவில் இரண்டு விதம் உண்டு என்பது பழைய செய்தி. மெலிந்தவருக்குப் பிறப்போடு வருவது ஒன்று, பருத்தவருக்கு உணவாலும் சோம்பலாலும் வருவது மற்றொன்று என்று சுஸ்ருத சம்ஹிதை பிரித்தது. 1922இல் கனடாவின் டொரன்டோவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. பிறகு ஒரு புதிர் தெரிந்தது. சிலருக்குச் சிறிதளவு இன்சுலினே போதும், சிலருக்கு எவ்வளவு கொடுத்தாலும் சீனி எளிதில் இறங்காது. 1936இல் லண்டன் மருத்துவர் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒன்றாகக் கொடுத்துச் சோதித்து, இவை இரு வேறு வகைகள் என்று காட்டினார்.

ஆனால் நடைமுறையில் "சிறுவர் நீரிழிவு", "வளர்ந்தோர் நீரிழிவு" என்ற பெயர்களே நிலைத்தன. 1974இல் சதையியைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் கண்டுபிடிக்கப்பட்டன. முதலாம் வகை என்பது உடலே தன் இன்சுலின் கலங்களை அழிக்கும் நோய் என்பது தெளிவாகத் தொடங்கியது. வளர்ந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் அதிர்ச்சி. இரண்டாம் வகை என்று சொல்லப்பட்டவர்களில் பத்தில் ஒருவரளவில் இதே பிறபொருளெதிரிகள் இருந்ததை 1997இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. பிரித்தானியப் பிரதமராக இருந்த தெரேசா மேக்கும் ஐம்பது வயது கடந்த பின் முதலில் இரண்டாம் வகை என்றே சொல்லப்பட்டது. பின்னரே முதலாம் வகை என்று தெரிந்தது.

நம் பக்கத்துக் கதை இன்னும் முக்கியமானது. 1955இல் ஜமேக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர், இரண்டு வகையிலும் அடங்காத மெலிந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 1985இல் "ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு" என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999இல் அதை நீக்கிவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அதை விடவில்லை. அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. இந்த மெலிந்தவர்களின் உடல் இன்சுலினை ஏற்கிறது, ஆனால் சதையி போதிய அளவு சுரப்பதில்லை என்று அது காட்டியது. 2025இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதற்கு ஐந்தாம் வகை என்று பெயரிட்டது. இது தனி வகைதானா என்ற விவாதம் மருத்துவர்களிடையே இன்னும் தொடர்கிறது.

பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வையும் கண்ட வன்னி இது. அன்று அரை வயிற்றோடு வளர்ந்த பிள்ளைகள் இன்று முப்பது, நாற்பது வயதுக்காரர். ஆகவே இது எங்களுக்குத் தூரத்துக் கதை அல்ல.

வகை மாறினால் வைத்தியமும் மாறும். முதலாம் வகைக்காரர் இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே மெலிந்தவரிடம் "உடம்பைக் குறை" என்பது தீங்கு.

ஆகவே உறவுகளே, வளர்ந்த ஒருவர் மெலிந்தவராக இருந்தால், காரணமில்லாமல் நிறை இறங்கினால், குளிசை போட்டும் சீனி இறங்காவிட்டால், கிளினிக் கொப்பியோடு போய் "எனக்கு எந்த வகை?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிறபொருளெதிரிச் சோதனையும், சதையி எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் சோதனையும் தேவையா என்று அவர் முடிவு செய்வார். நோன்பு பிடிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே போய்க் கேளுங்கள். அடுத்த வீட்டாரின் குளிசையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.