பெர்ரிப் பேரி

பழச்சாற்றை நொதிக்கவைத்துப் 'பெர்ரி' என்னும் மதுவைத் தயாரிப்பதற்காகவே வளர்க்கப்படும் பேரி மர வகைகள். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர், வூஸ்டர்ஷயர் மாவட்டங்கள் இவற்றுக்குப் பெயர்பெற்றவை. அப்பகுதியிலுள்ள மே குன்று கண்ணுக்குத் தெரியும் தொலைவில்தான் நல்ல பெர்ரி கிடைக்கும் என்பது அவ்வூர்களின் வழக்கு.

வளர்ப்பு: விதையில் முளைக்கும் கன்றுக்குத் தாய்மரத்தின் குணம் அப்படியே வராது, ஆகவே ஒட்டுக்கட்டியே வகைகளைக் காக்கிறார்கள். பேரி நாற்றில் ஒட்டிய மரம் 15 மீட்டருக்கும் மேல் ஓங்கி, 200 ஆண்டுகள் கடந்தும் காய்க்கும். முழு விளைச்சலுக்குப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும். பாக்டீரியாவால் வரும் நெருப்புக்கருகல் நோய் இதன் பெரும்பகை.

பழமும் மதுவும்: பழம் சிறியது, கெட்டியானது, கடித்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. துவர்ப்பு மிகுந்த வகைகளை அரைத்து, விழுதை ஓர் இரவு வைத்திருந்து பிழிந்தால் துவர்ப்பு தரும் டானின் குறையும். பேரியிலுள்ள சார்பிட்டால் என்னும் இனிப்புப்பொருளை ஈஸ்ட் நொதிக்கவைக்காது. அதனால் மதுவில் மெல்லிய இனிப்பு தங்கும்.

வகைகள்: பிளேக்னி ரெட், தார்ன், மூர்கிராஃப்ட், பட் முதலியன. குளோஸ்டர்ஷயரின் ஹார்ட்புரியில் இவற்றுக்கான பாதுகாப்புத் தோட்டம் உள்ளது. சில வகைகளில் எஞ்சியவை ஓரிரு முதுமரங்களே. அவை சாய்வதற்குள் ஒட்டுக்குச்சி எடுத்துப் பரப்புவது அவசரக் கடமை.